கோழிக் கரண்டி பட்ட கூட்டு

இனிமேல் கறியே தொடமாட்டேன் என்று போன வாரம் அறிவித்தாள் என் தங்கை. எந்தக் காயையும் தொடாதவள்! "அப்ப காத்தக் குடிச்சிட்டு இருக்கப் போறியாடி?" என்று கேட்டேன்.

இன்று ஞாயிறு. ஒரு அடுப்பில் கோழி, இன்னொன்றில் அவளுக்காகப் பரங்கிக்காய்க் கூட்டு. அம்மா மறதியில் கோழிக் கரண்டியாலேயே கூட்டைக் கிண்டிவிட்டார்.

"வுடும்மா, அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியுதுல்ல? ஓடிப்போய் இன்னொரு பரங்கிக் கீத்து வாங்கியாடா."

வேறு சட்டியில் புதிதாகச் செய்து, அப்பா வேலை செய்யும் பீங்கான் கம்பெனியின் புதுக் கிண்ணத்தில் வைத்தார். தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டே அத்தனையும் தின்றாள்.

அவள் சோற்றுக்குள் கறித்துண்டு ஒளித்துவைக்க நான் போட்டிருந்த திட்டத்தைக் கைவிட்டேன். அம்மா முகத்தைப் பார்த்தபிறகு கை வரவில்லை.

கோழி வாசத்தோடு ஒரு சட்டிக் கூட்டு என் தலையில். பங்குக்கு யார் வருகிறீர்கள்?