விளிம்பு கருகாத சாக்கு

எங்கள் தோட்டத்தில் எந்தப் பொருள் எப்போது வந்தது என்று அறிய, அதன் மேல் போர்த்தியிருக்கும் சாக்கைப் படித்தால் போதும். மாட்டுத் தீவனச் சாக்கின் அடிமூலையில் தீவனம் அரைத்த மாதமும் வருடமும் மையால் குத்தப்பட்டிருக்கும். கோழிக் கூண்டுக்குத் தென்புற மறைப்பு எந்தக் கோடையில் கட்டினோம், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி எந்த மழைக்கு முன் தொப்பி போட்டுக்கொண்டது என்பதையெல்லாம் நான் அப்படித்தான் தெரிந்து வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு அந்த முத்திரையில் அக்கறை கிடையாது. சாக்கு எங்கே கிழியும், எங்கே தாங்கும் என்பதுதான் அவள் பார்ப்பது.

புதுச்சத்திரத்தில் வாங்கி வரும் மூட்டையின் வாயை அவள் ஒருநாளும் அறுத்துத் திறந்ததில்லை. தையலில் சரியான நூல் முனையைத் தேடிப் பிடித்து ஒரே இழுப்பு. முழுத் தையலும் சரசரவென்று கழன்று வந்துவிடும். அந்த நூல் அவரைப் பந்தலுக்குப் போகும். காலிச் சாக்கை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, உதறி, தொட்டித் தண்ணீரில் அலசி, வேலிக் கம்பியில் போடுவாள். தீவனத்தில் வெல்லப்பாகும் உப்பும் கலந்திருக்கின்றன. அலசாத சாக்கை மாடு நக்கும், பிறகு மெல்லும், கடைசியில் விழுங்கிவிடும். பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்கு அது, வயிற்றில் தங்கிவிட்டால் மாடு தேறுவது கஷ்டம்.

சாக்கை வெட்டினால் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெட்டிய விளிம்பை விளக்குச் சுடரின் மேல் ஓட்டிக் கருக்கிவிடுவாள். இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், அதன்பின் பிரிந்து வராது. சங்ககிரியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர்களின் வேலையை நின்று பார்த்திருக்கிறேன். சாக்குகளை இணைத்து இவள் தைத்த மக்காச்சோளப் படுதா அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பஞ்ச காலத்தில் அமெரிக்கப் பண்ணைப் பெண்கள் தீவனப் பையில் கவுன் தைத்துப் போட்டுக்கொண்டதாக ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு அவளிடம் சொன்னேன்.

"அது துணிச் சாக்கா இருந்திருக்குமுங்க. இதுல தச்சுப் போட்டா, உக்காந்து எந்திரிக்கையில ஊருக்கே சத்தம் கேக்கும்" என்றாள்.

சென்ற ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை வாடைக் காற்றோடு சாய்வாக அடித்தது. கட்டுத்தரையில் கறவை மாட்டுக்குப் பக்கத்தில் நின்ற கிடாரியின் மேல் சாரல் நேராக விழுந்தது. அது தலைச்சினை, மாதம் நெருங்கியிருந்தது. தாய் செத்துப்போன கன்றாக இருந்தபோதிலிருந்து புட்டியில் பால் ஊட்டி என் மனைவி வளர்த்தது. மதியம் காலியான சாக்கு ஒன்று கைக்கு அகப்பட, அலச நேரமில்லாமல் அதையே இரண்டு தூண்களுக்கு நடுவே மறைப்பாகக் கட்டினாள். கறந்த பாலைக் கேனோடு அங்கேயே வைத்துவிட்டு, மக்காச்சோளத்துக்குப் படுதா இழுக்க இருவரும் களத்துக்கு ஓடினோம். பால்காரர் வந்ததும் போனதும் எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் விடியலில் பால் கறக்கப் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. கெடாரி சாக்கத் தின்னுப்போட்டுதுங்க."

மறைப்பு இருந்த இடத்தில் கயிறு மட்டும் தொங்கியது. சாக்கு கந்தலாகிக் காலடியில் கிடந்தது. கிடாரி எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது, அசை போடவில்லை. கால்நடை மருத்துவரை அழைத்தேன். தீவனம் எதுவும் வைக்க வேண்டாம், அசை போடுகிறதா என்று கவனியுங்கள், மதியத்துக்குள் வருகிறேன் என்றார். எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை.

கந்தலை எல்லாம் பொறுக்கி வந்து வாசலில் பரப்பினோம். அச்சிட்ட மாட்டுப் படத்தைப் பார்த்துப் பார்த்து, கொம்பை நெற்றியோடும் காலை வயிற்றோடும் நான் சேர்த்தேன். அவள் இழையின் போக்கைப் பார்த்துச் சேர்த்தாள். சாக்கு ஏறக்குறைய முழுதாகக் கூடி வந்தது. அடிமூலையில் மட்டும், என் இரண்டு கைகளையும் விரல் விரித்து வைக்கும் அளவுக்கு, தரை தெரிந்தது. முத்திரை இருக்கும் மூலை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் அந்த ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது பல்லு பட்டதில்லீங்க. பல்லு பட்டா மத்ததாட்டம் சொதசொதன்னு கெடக்கும். இது கத்தி. ஆனா எங்கத்தியில்ல. நானா இருந்தா கருக்காம உட்டிருக்க மாட்டேன்."

நாங்கள் களத்தில் இருந்தபோது அங்கே வந்து கத்தி வைத்தது யார் என்று யோசித்ததும் இருவருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார். பால்காரர் போனை எடுக்கவில்லை. காலைப் பாலுக்கு எப்படியும் வருவார் என்று வண்டித் தடத்து முனையில் போய் நின்றோம். அவரும் வெட்டவில்லை என்றால் அந்தத் துண்டு கிடாரியின் வயிற்றுக்குள்தான் இருக்க வேண்டும்.

கேன்கள் உரச அவர் வண்டி வளைந்து வந்தது.

"என்னங்க்கா, சோடியா வழி மறிக்கறீங்க? பால்ல தண்ணி ஊத்தறது நானில்லீங்க."

என் மனைவி வண்டியைப் பார்த்தாள். நனையாமலிருக்க சீட்டின் மேல் ஒரு துண்டுச் சாக்கு கட்டியிருந்தது. அவரை இறங்கச் சொல்லி, கட்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு நடந்தாள். நேற்று மழையில் சீட்டு நனைந்துவிட்டதென்று கொஞ்சம்போல அறுத்துக்கொண்டதாகவும், காலிச் சாக்குதானே என்று நினைத்ததாகவும் சொல்லிக்கொண்டே அவரும் பின்னால் வந்தார்.

வாசலில் குனிந்து அதை ஓட்டையில் வைத்தாள். அச்சுக்கு அச்சு, இழைக்கு இழை பொருந்தியது. மூலையில் மாதமும் வருடமும் தெளிவாக இருந்தன. அவள் சுற்றிலும் ஒருமுறை விரல் ஓட்டிப் பார்த்தாள், ஓர் இழையும் குறையவில்லை.

பால்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. வேறு சாக்கு வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"வேண்டாஞ் சாமி. அறுத்தது நீன்னு ஆனதுனாலதான், உள்ள ஒண்ணும் போகலைன்னு தெரிஞ்சுது" என்றாள்.

நான் மருத்துவருக்குத் தகவல் சொன்னேன். மதியம் வந்து ஒருமுறை பார்த்துவிட்டே போகிறேன் என்றார். அவர் வருவதற்கு முன்பே கிடாரி படுத்து, கண்ணை மூடி, அசை போடத் தொடங்கியிருந்தது.

அதற்குள் என் மனைவி விளக்கைக் கொண்டுவந்து, அந்தத் துண்டின் வெட்டு விளிம்பை நிதானமாகச் சுடரில் ஓட்டினாள். ஆறும்வரை ஊதிவிட்டுப் பால்காரரிடம் நீட்டினாள். பிறகு வாசலில் கிடந்த கந்தல்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள், அலசுவதற்கு.