பொன்மணியின் பலூன் தேதி

பொன்மணியின் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் இருந்தது. அவள் காதுக்கு அது ஒருநாளும் எட்டியதில்லை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள், எவ்வளவு தெளிவா இருக்கு பாரு என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொள்வார்கள். இதய வார்டில் அவளுக்கு ‘நல்ல கேஸ்’ என்று பெயர்.

பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். சின்ன வயசில் ஒரு தொண்டை வலி, அதன் பின்னாலேயே காய்ச்சல், முட்டியெல்லாம் வீக்கம். பற்றுப் போட்டார்கள், வடிந்தது, மறந்தார்கள். அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் இதயத்தின் கதவொன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது என்பது முதல் பிரசவத்தில்தான் தெரிந்தது. பிள்ளையும் பிழைத்தது, இவளும் பிழைத்தாள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கொரு தரம் பென்சிலின் ஊசி.

அந்த ஊசியோடுதான் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். கே.கே. நகர் தையல் கடையில் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தாள், ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்தாள். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையைக் காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பியபோது, நெஞ்சு நோய்க்காரி, எனக்குக் கீழ்வீடு கொடு என்று அதிகாரியின் ஜீப்புக்கு முன்னால் நின்றாள். கிடைத்தது ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஓடாத நாளில் மாடிக்கு மாடி உட்கார்ந்து மூச்சு வாங்கி ஏறுவாள். போன மழைக்காலத்திலிருந்து படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. தொடை வழியாகக் கம்பி விட்டு, சுருங்கின கதவில் ஒரு பலூனை ஊதி விரித்துவிடுவார்கள். நோயாளிகள் எல்லோரும் அதைப் பலூன் என்றே சொன்னார்கள். காப்பீட்டு அட்டை இருந்தது, எக்கோ எடுத்தாகிவிட்டது, செய்யலாம் என்று பெரிய டாக்டரே சொல்லியிருந்தார். தேதி மட்டும் சொல்லவில்லை. கெட்ட மனுஷன் இல்லை அவர். ‘வாம்மா பொன்மணி’ என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார், வெளிக்கடைக்கு எழுதாமல் மருந்தை உள்ளேயே கொடுக்கச் சொல்வார். தேதி கேட்டால், இந்தப் பரீட்சை முடியட்டும் பார்க்கலாம் என்பார். அவருக்கு வேலை அதிகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பரீட்சை என்றால் வார்டு ஆயா புஷ்பம் போன் போடுவாள். காலையில் வந்தால் டீ, பன், செலவுக்கு ஏதோ கொஞ்சம். பச்சைத் திரைக்குள் படுத்திருக்க வேண்டும். ஒரு பையனோ பெண்ணோ வந்து கதை கேட்டு, தொட்டுப் பார்த்து, எழுதிக்கொண்டு போய் வாத்தியார்கள் முன்னால் ஒப்பிக்கும். பிள்ளைகள் பயத்தில் வெளிறிப்போய் நின்றால், நோயின் இங்கிலீஷ் பேரை மெல்லக் காதில் போட்டுவிடுவது பரீட்சைக் கேஸ்களுக்குள் ஒரு வழக்கம். பொன்மணியும் போட்டிருக்கிறாள். பாஸானவர்கள் பின்னால் வந்து ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இந்தத் தடவை பரீட்சைக்கு முந்தின நாளே வரச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் வர்ஷினி என்கிற மாணவி அவள் கட்டிலோரம் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே நெற்றியில் அடித்துக்கொண்டாள். என்ன பாடம் அது, இப்படித் தலையில அடிச்சிக்கிற என்று பொன்மணி கேட்டாள். வைத்தியத்தில் எது தர்மம், எது அநியாயம் என்று ஒரு பாடம் என்றாள் வர்ஷினி. அதில் வருகிற பழைய கதை ஒன்றையும் சொன்னாள். அமெரிக்காவில் பருத்தி விளைகிற ஊர். கறுப்பு ஜனங்கள், ஏழைகள். அவர்களில் நூற்றுக்கணக்கான ஆம்பளைகளுக்கு மேகநோய், சிபிலிஸ். அது முற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்க அரசாங்க டாக்டர்களே கூட்டி வைத்துக்கொண்டார்கள். வைத்தியம் நடக்கிறது என்று அவர்களிடம் சொல்லி, சாப்பாடு போட்டார்கள், செத்தால் அடக்கச் செலவும் கொடுத்தார்கள். நடுவில் நோய்க்கு மருந்து வந்துவிட்டது. அப்புறமும் கொடுக்கவில்லை. நாற்பது வருஷம்.

“மருந்து இன்னா மருந்து?”

“பென்சிலின் ஆன்ட்டி. உங்களுக்குப் போடறாங்களே, அதேதான்.”

பொன்மணி இடுப்பைத் தடவிக்கொண்டாள். மருந்து கீதுன்னு அந்த ஆளுங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். யாருமே சொல்லவில்லை என்றாள் வர்ஷினி. பிறகு பொன்மணி, சும்மா வாய்க்கு வந்தது மாதிரி, எனக்குப் பலூன் எப்போன்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா கண்ணு என்றாள்.

வர்ஷினி புத்தகத்தை மூடினாள். திறந்தாள்.

“பலூன் போட்டா சத்தம் அடங்கிடும் ஆன்ட்டி. அதனால பரீட்சை முடியட்டும்னு சார்...”

எந்தப் பரீட்சை? போன வருஷம் ஒன்று முடிந்தது. பெயிலானவர்களுக்கு இன்னொன்று முடிந்தது. பெரிய படிப்புக்காரர்களுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் அவள் வந்து படுத்திருந்தாள், பன் தின்றிருந்தாள். சாயங்காலம் புருஷன் நாகராஜுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் பெயிண்டர், ஏணியில் நின்றபடியே பேசினான். அவங்களைப் பகைச்சுக்காத, நாளைக்கு மூச்சு நின்னா அங்கதான ஓடணும் என்றான். அதில் பொய்யில்லை. அந்த ஆஸ்பத்திரியை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்தப் பெரிய டாக்டர் கை வைத்தால்தான் பலூன்.

காலையில் அவள் திரைக்கு வந்த பையன் பெயர் சித்தார்த்தன். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். என்ன பிரச்சினைம்மா உங்களுக்கு என்று ஆரம்பித்தான். மூச்சு வாங்குது, படுக்க முடியல, படி ஏற முடியல என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுதினான். இன்னும் ஏதாவது உண்டா என்றான்.

“கீது. எழுதிக்கோ. பலூன் போடலாம்னு சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. என் சத்தம் பரீட்சைக்கு வேணுமின்னு தள்ளி வெச்சிக்கினு கீறாங்க.”

பேனா நின்றது. அம்மா, இதையெல்லாம் எழுதக் கூடாது என்றான்.

“நோயாளி சொல்றத அவ சொன்ன மாதிரியே எழுதணும்னு எத்தினி வருஷமா என் கட்டிலாண்ட நின்னு படிக்கிறீங்க? எழுது நைனா.”

எழுதினான். பெரிய டாக்டரும், பரீட்சை எடுக்க மதுரைப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு டாக்டரம்மாவும் வந்து நின்றார்கள். சித்தார்த்தன் இங்கிலீஷில் ஒப்பித்தான். மூச்சு வந்தது, படி வந்தது, படுக்கை வந்தது. அத்தோடு பக்கத்தைத் திருப்பினான். இத்தனை வருஷத்தில் அந்த இங்கிலீஷ் பொன்மணிக்கு அத்துப்படி.

எழுந்து உட்கார்ந்தாள். “ஒண்ணு உட்டுட்டான்மா” என்றாள் டாக்டரம்மாவிடம்.

பெரிய டாக்டர் சிரித்தபடி, படுத்துக்கோம்மா, அப்புறம் பேசலாம் என்றார். டாக்டரம்மா பையனிடம் கை நீட்டித் தாளை வாங்கினார். படித்தார். நிமிர்ந்து பெரிய டாக்டரைப் பார்த்தார். ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, அடுத்த பட்டியலில் இருக்கிறாள், அதுவும் பரீட்சை நடுவிலா இதைப் பேசுவது என்று பெரிய டாக்டர் இங்கிலீஷில் சொன்னார்.

“மாடி ஏறச்சொல்லோ நான் செத்தா, சத்தமும் என்கூடத்தான் சார் வரும்” என்றாள் பொன்மணி. “தேதி சொல்லுங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் குழாய வெக்காதீங்க.” ஜாக்கெட் ஹூக்கைப் போட்டுக்கொண்டு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர் வேறு கேஸ் போடச் சொன்னார். புஷ்பம் ஓடிப்போய்ப் பக்கத்து வார்டிலிருந்து குல்ஷன் என்கிற பெண்ணைக் கூட்டி வந்தாள். போன வருஷம்தான் கல்யாணம் ஆனவள், அவளுக்கும் இதே கதவுதான். வழியெல்லாம் புஷ்பம் பொன்மணியைத் திட்டிக்கொண்டே வந்தாள். கட்டிலுக்கு வந்ததும், எறங்குடீ, சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்கினியே என்றாள். பொன்மணி இறங்கவில்லை. குல்ஷனைப் பார்த்துக் கேட்டாள்.

“உனக்குத் தேதி சொல்லிட்டாங்களாம்மா?”

குல்ஷன் பெரிய டாக்டரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். பரீட்சை முடியட்டும்னு சொன்னாங்கக்கா என்றாள். பிறகு அவளும் பொன்மணிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். படுக்கவில்லை.

திரைக்கு வெளியே அடுத்தடுத்த பிள்ளைகள் காத்திருந்தார்கள். டாக்டரம்மா பேனாவை மூடிக் கோட்டுப் பையில் செருகினார். இவர்களுக்குத் தேதி போடாமல் இந்தக் கட்டிலில் நான் மார்க் போடுவதாக இல்லை என்று தமிழிலேயே சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி. பெரிய டாக்டருக்கு முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. உதவி டாக்டரை அனுப்பிப் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். நின்றபடியே, பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினார். பொன்மணிக்கு வியாழக்கிழமை. குல்ஷனுக்கு அதற்கடுத்த வாரம். இந்தப் பொண்ணு பேரும் கீதான்னு பாத்துச் சொல்லு என்று சித்தார்த்தனைப் படிக்க வைத்துக் கேட்டுக்கொண்ட பிறகுதான் பொன்மணி காலை மேலே தூக்கிப் படுத்தாள்.

புஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. பரீட்சை சனிக்கிழமை வரைக்கும் கீதே, நீ வியாழக்கிழமை போய்ட்டா மிச்சப் பசங்க இன்னா பண்ணுவாங்க என்றாள்.

“ரப்பர் பொம்ம ஒண்ணு வாங்கி வெச்சிக்கிறாங்களாமே, நெஞ்சுல சத்தம் வர்ற மாதிரி” என்றாள் பொன்மணி. “அத்த படுக்க வெச்சிப் பாக்கட்டும். அதுக்குப் படி ஏற வேணாம்.”