ஒன்பதாவது சீட்டு

கறுப்பு வெள்ளை டிவியின் திரையில் 'தப்பு' என்ற சொல் ஆங்கில எழுத்துகளில் வந்து நின்றது. அப்படி வரும்படி புரோகிராம் எழுதி வைத்தவள் நான்தான். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டைம் கீப்பர் சார் அதைப் பார்த்துவிட்டு, இடது காதுக்கு மேலே முடி முளைக்காமல் கிடந்த தழும்பை இரண்டு விரலால் தடவிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தப்பு தப்பாகவே இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அவர் முகத்தைவிட அந்தத் துடைப்புதான் முதலில் ஞாபகம் வருகிறது.

எண்பதுகளின் கடைசி. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, அரியலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து பெரம்பலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். எங்கள் முதலாளி மெட்ராஸில் எங்கேயோ பார்த்து மயங்கி, ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து மாடி அறையில் வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் என்றால் வெறும் கீபோர்டுதான். அதை டிவியில் சொருக வேண்டும். புரோகிராமை டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஏற்ற வேண்டும். ஏறும்போது தகரத்தை அரம் போட்டுத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கற்றுக்கொள்ள ஒருத்தரும் வரவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் "இதுல படம் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. எதையும் நோண்டாமல் விடாத பிறவி நான். எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றுபோனதற்குக் காரணமும் நான்தான். யாரும் வராததால் அந்தப் பெட்டி முழுக்க முழுக்க என்னுடையதாக இருந்தது. பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் தோன்றியதையெல்லாம் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைம் கீப்பர் சாரை பஸ் ஸ்டாண்டில் பழக்கம். எந்த வண்டி எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும், எது லேட், லேட்டுக்கு யார் காரணம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போர்டைப் பார்ப்பதைவிட அவரைக் கேட்பது சுலபம். ஒரு நாள் பாடாலூர் பக்கத்தில் மொபெட் சறுக்கி, தலை மைல்கல்லில் மோதி, திருச்சி ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்தார். திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். கொஞ்ச நாள் பேர்கள் மறந்தன. ஒன்றிரண்டு எழுத்துகளை மாற்றிப் போட்டார். பிறகு அதுவும் சரியாயிற்று. டூட்டிக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போகலாம் என்று சொல்லாதது அவருடைய மனசுதான்.

ஒரு மாலை மாடியேறி வந்து, கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தப் பொட்டிக்குள்ள சீட்டுக்கட்ட வெக்க முடியுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில் அவர் சீட்டு வித்தை காட்டுவாராம். ஒரு கட்டை ஏதாவது ஒரு வரிசையில் அடுக்கி, அந்த ஐம்பத்திரண்டையும் இடம் மாறாமல் மனப்பாடம் பண்ணிக்கொள்ள வேண்டும். அப்புறம் குலுக்குகிற மாதிரி பாசாங்கு செய்தால் போதும். யார் எங்கே வெட்டினாலும் வரிசை கெடாது, வட்டமாகத்தான் சுற்றும். ஒருத்தர் ஒரு சீட்டை உருவினால், அதற்கு முந்தைய சீட்டை ஓரக்கண்ணால் பார்த்தே உருவினது என்ன என்று சொல்லிவிடலாம். "இதுல மந்திரம் எதுவும் கெடையாது டீச்சர். பாடாலூர் வந்தா அடுத்த ஸ்டாப் என்னன்னு கண்டக்டருக்குத் தெரியற மாதிரிதான்" என்றார். அந்த மனப்பாடத்தை இப்போது மறுபடி செய்து பார்க்க ஆசைப்பட்டார். பஸ் நேரத்தை வைத்துப் பரீட்சை பண்ணினால் போதாதா என்று கேட்டேன். "அது இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானா சொல்லிடும். புதுசா ஒண்ணு தலைக்குள்ள ஏறுதா, ஏறினது நிக்குதா, அதைத்தான் பாக்கணும். முழுசா சரியா வந்தா டூட்டிக்குப் போறேன். வரலைன்னா போகமாட்டேன். நான் ஒண்ணை மாத்திச் சொன்னா ஒரு வண்டி சனம் தெருவுல நிக்கும்" என்றார்.

சீட்டுக்கட்டை வைத்தே வீட்டில் பழகலாமே என்றால், அங்கேதான் சிக்கல். அவர் மனைவி செட்டிகுளத்துக்காரர். கல்யாணத்துக்கு முந்தைய நாள் மண்டபத்தில் மாப்பிள்ளை சுற்றிலும் ஆள் வைத்துக்கொண்டு சீட்டைப் பிரித்துக் காட்டுவதைப் பார்த்து, சரியான சூதாட்டக்காரனிடம் மாட்டிக்கொண்டோம் என்று அழுதுவிட்டாராம். வித்தை என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. வீட்டுக்குள் சீட்டு வரக்கூடாது என்று அன்றைக்கு வாங்கிய சத்தியம் அப்படியே இருந்தது. அதனால்தான் சீட்டே இல்லாத சீட்டுக்கட்டு ஒன்றைத் தேடி என்னிடம் வந்திருந்தார்.

இன்றைக்குக் கைபேசியில் இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. எண்ணைக் காட்டிச் சீட்டைக் கேட்கும், சீட்டைக் காட்டி எண்ணைக் கேட்கும், நாம் அடிக்கடி தடுமாறுகிற சீட்டைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பிராணனை வாங்கும். போன மாதம் ஒன்றை இறக்கிப் பார்த்து ராத்திரிச் சாப்பாட்டை மறந்துபோனேன். அப்போது நான் எழுதியதும் அடிப்படையில் அதேதான். எண் வந்தால் சீட்டைச் சொல்ல வேண்டும், சீட்டு வந்தால் எண்ணைச் சொல்ல வேண்டும். விடையை மட்டும் காட்டக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரியா தப்பா என்றால் போதும், விடையைக் காட்டினால் அது பரீட்சை இல்லை என்றார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு கட்டை இரவல் வாங்கி வந்து, கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அவரே ஒற்றை விரலால் அடித்து ஏற்றினார். திரையில் இடம் குறைவு என்பதால் இரண்டு எழுத்துச் சுருக்கம். அந்தச் சுருக்கமும் அவருடையதுதான். இஸ்பேட்டுக்கு ஐ, கிளாவருக்குக் கே, டைமனுக்கு டி. சிவப்பு இதயம் போட்ட சீட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஆட்டின் என்று பெயர். அதனால் அதற்கு ஏ. வாயால் சொல்கிற மாதிரியே இனம் முதலில், சீட்டின் மதிப்பு பின்னால். ஏழெட்டுச் சீட்டு ஏறியிருக்கும், படிக்கட்டில் வளையல் சத்தம் கேட்டது. சார் கையிலிருந்த சீட்டைக் கீபோர்டுக்கு அடியில் தள்ளி, கட்டின் மேல் துண்டைப் போட்டு மூடினார். அவர் மனைவி. மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்டு, சாப்பிடவில்லை என்று தெரிந்து, சாப்பிட வைத்து, டிவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். எங்கள் இருவருக்கும் வேர்த்துவிட்டது. பிறகு மிச்சத்தை அவசர அவசரமாக அடித்து முடித்தார்.

கட்டு கொஞ்ச நாள் என் மேஜை டிராயரில் இருந்தது. சார் தினமும் வந்து புரட்டிப் புரட்டி மனப்பாடம் செய்தார். வரிசை ஏறிவிட்டது என்று தோன்றியதும் டீக்கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். கையெட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்துப் பார்க்கத் தோன்றுமாம். அன்றைக்கே அந்தக் கட்டு யாருடைய ரம்மியிலோ கலைந்துபோயிற்று. அதற்குப் பிறகு உலகத்தில் அந்த வரிசை என் கேசட்டிலும் அவர் தலையிலும் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

பரீட்சை ஆரம்பித்ததும் நான் அசந்துபோனேன். சரி, சரி, சரி என்று விழுந்துகொண்டே போயிற்று. தப்பு என்று வந்தது இரண்டு இடத்தில் மட்டும்தான். ஆனால் தினமும் அதே இரண்டு இடம். ஒன்பதாவது சீட்டு என்ன என்று கேட்டால் ஏ.கே. என்று அடிப்பார், தப்பு. கே.ஏ. எங்கே இருக்கிறது என்று கேட்டால் முப்பத்தொன்று என்பார், அதுவும் தப்பு. அவருக்கு விடையைக் காட்டவில்லையே தவிர, என்னால் சும்மா இருக்க முடியுமா? அவர் போனபிறகு பட்டியலைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் இடத்தில் கே.ஏ. என்று இருந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். எனக்குச் சீட்டாடத் தெரியாது. எனக்கு அவை வெறும் எழுத்துகள். கே.ஏ. என்பதை அவர் ஏ.கே. என்று மாற்றி அடிக்கிறார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் செய்த மாதிரியே. அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "முப்பத்தொண்ணுல என்னன்னு கேட்டா கே.ஏ.ங்கறேன், சரிங்குது. கே.ஏ. எங்கன்னு கேட்டா முப்பத்தொண்ணுங்கறேன், தப்புங்குது. ஒரே பதிலு, ஒரு வாட்டி சரி, ஒரு வாட்டி தப்பு. மெஷின் பொய் சொல்லாது டீச்சர். என் தலைதான் சொல்லுது. நாளைக்கு டிப்போவுல போயி டூட்டி வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்தவர், ஒன்பதாவதில் வழக்கம்போல விழுந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டில் மறுபடியும் வளையல் சத்தம். இந்தத் தடவை ஒளிக்க எதுவும் இல்லை.

"டூட்டி வேணாம்னு எழுதப் போறாராம். ஏன்னு கேட்டா ஒரு பொட்டி சொல்லிச்சாம். எந்தப் பொட்டி டீச்சர் அது, காட்டுங்க" என்றபடி உள்ளே வந்தார் அவர் மனைவி.

"அக்கா, இது சும்மா ஒரு கணக்கு…" என்று நான் இழுத்தேன்.

"சீட்டுதானே? எனக்குத் தெரியும். எதுல தப்பாம்?"

சார் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, "ஒம்போதாவதுல" என்றார்.

"ஒம்போது ஆட்டின் ராஜா. இதுல என்ன தப்பு?" என்று பட்டென்று சொன்னார் அந்த அம்மா. "ஆட்டுக்கு எதுக்குங்க ராஜா? அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை."

ராஜா என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ சொடுக்கியது. "சார், ராஜாவுக்கு என்ன எழுத்து போட்டீங்க?" என்று கேட்டேன். சீட்டில் அச்சடித்திருக்கிற கே என்றார். அப்படியானால் ஏ.கே. என்பது ஆட்டின் ராஜா. கே.ஏ.? "கிளாவர் ஆஸ், ஆஸுக்கு ஏ. முப்பத்தொண்ணுல இருக்கறது." அவசரமாகப் பட்டியலை ஓடவிட்டேன். ஐம்பத்திரண்டில் ஏ.கே. என்று ஒன்றுகூட இல்லை. கே.ஏ. இரண்டு இருந்தன, ஒன்பதில் ஒன்று, முப்பத்தொன்றில் ஒன்று. கே.ஏ. எங்கே என்று தேடினால் கம்ப்யூட்டர் முதலில் கண்ணில் பட்ட ஒன்பதோடு நின்றுவிடும். சீட்டு ஏற்றிய அன்றைக்கு வளையல் சத்தத்துக்குப் பயந்து கீபோர்டுக்கு அடியில் தள்ளிய சீட்டு ஆட்டின் ராஜாதான் என்று சாருக்கு ஞாபகம் வந்தது. அதை வெளியே எடுத்த அவசரத்தில் வாயால் சொல்கிற வரிசையை விட்டு, சீட்டின் மூலையில் அச்சடித்திருந்தபடி மேலே கே, கீழே இதயம் என்று பார்த்து அடித்திருக்கிறார். தலையில் ஏறியது சரிதான். பெட்டியில் ஏறியதுதான் கோணல்.

திருத்தித் தருகிறேன் சார், மறுபடி போடுங்கள் என்று கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தொடவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எப்படி இந்த வரிசையெல்லாம்…"

"நீங்கதானே சொல்றீங்க, தெனமும், தூக்கத்துல. ஒண்ணுலேருந்து கடேசி வரைக்கும்."

சார் மறுநாள் டிப்போவுக்குப் போனார், டூட்டியில் சேரத்தான். மறுபடி பஸ் ஸ்டாண்டில் அவர் குரல் கேட்கத் தொடங்கியது. அதெல்லாம் பின்னால். அன்றைக்கு மாடியில், சீட்டு என்று தெரிந்தும் ஏன் அக்கா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவு பெரிய சத்தியம் வாங்கியிருந்தீர்களே என்று, நோண்டாமல் இருக்க முடியாத நான் கேட்டேன். அந்த அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில என் பேரே தெரியாம கிடந்த மனுஷன் டீச்சர். இப்ப ஒண்ணுகூட மாறாம வரிசையாச் சொல்லிக்கிட்டு வராரு. அது முடியற வரைக்கும் கேட்டுட்டுதான் நான் கண்ணை மூடுவேன். அதைப் போயி எப்படிங்க நிறுத்துன்னு சொல்றது?"