பழைய பெயரைச் சொன்ன வாய்

சவுந்தரம் அக்காவும் நானும் பினாங்கு விமான நிலையத்தில் ஒரே கவுண்டரில் பதினாறு வருடம் நின்றவர்கள். எங்கள் கம்பெனிக்குப் பெயர் செலாத் விங்ஸ். கோத்தா பாரு, கோல திரங்கானு என்று பக்கத்து ஊர்களுக்குச் சின்ன விமானம் விடுகிற கம்பெனி. அதற்குச் சொந்தக்காரர்களான நுசாரா ஏர்லைன்ஸ்காரர்கள், போன மார்ச் மாதம், இனி எல்லாம் நுசாரா பெயரிலேயே பறக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். விமானம் அதே விமானம், வேலை அதே வேலை. பலகையும் சட்டையும் மட்டும் நீலமாகிவிட்டன.

எனக்கு வயிறெரிந்தது. ஆட்கள் பழைய பலகையைக் கழற்றி டிராலியில் போட்டுக்கொண்டு போனபோது அக்காவைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னாக்கா, இத்தன வருசம் சொன்ன பேரு, குப்பைக்குப் போவுது. ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணல லா குமுதா. புதுச் சட்டதான் கைகிட்ட டைட்டா இருக்கு."

அவர் அப்படி ஆகி மூன்று வருடமாகிறது. கணவர் நாதன் அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதிலிருந்து அக்காவுக்குச் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. விடியுமுன் எழுந்து அண்ணனைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, சுங்கை பினாங் ஃப்ளாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஓடுவார். இடையில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சித்தி ஹாஜரா எட்டிப் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவதையும் அக்கா நிறுத்திவிட்டார். "போனா உக்காந்த எடத்துலயே தூங்கிடறேன், சாமியாருக்குச் சங்கடம்" என்பார்.

பெயரோடு சேர்த்து கோலாலம்பூரிலிருந்து ஒரு சூப்பர்வைசரையும் அனுப்பினார்கள். இக்மல் என்று பெயர். வந்த மூன்றாம் நாளே, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். பயணிகளிடம் பழைய பெயரைச் சொன்னால் நம் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று விழுந்தால் கவுண்டர் கிடையாது, கோலாலம்பூர் சரக்குப் பிரிவுக்கு மாற்றம். போக மனமில்லாதவர்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அண்ணனை அந்த நிலையில் விட்டுவிட்டு அக்கா எங்கே கோலாலம்பூர் போவது? மூன்றாவது புள்ளி விழுந்தால் அவருக்கு வேலை போனது போலத்தான்.

இரண்டே வாரத்தில் அவருக்கு இரண்டு விழுந்துவிட்டன. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஐயோ, என்னாக்கா நீங்க! நுசாரா, நுசாரான்னு நூறு தடவ சொல்லிப் பாருங்களேன்!"

"சொல்றேன் லா. வாய் தானா பழசச் சொல்லிடுது, சொன்னதுகூடத் தெரியல."

என் பெயருக்கு நேரே ஒன்றுகூட இல்லை. அதைச் சாப்பாட்டு அறையில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டும் திரிந்தேன்.

அன்று பள்ளி விடுமுறைக் கூட்டம். கோத்தா பாரு விமானம் நாற்பது நிமிடம் தாமதம். விமானம் ஏறும் கேட்டில் நாங்கள் இருவர்தான். எங்களுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி டிக்கெட் பார்ப்பாள், மற்றவள் மைக் பிடிப்பாள் என்பதெல்லாம் கிடையாது. யார் கை சும்மா இருக்கிறதோ அவர் மைக்கை எடுத்துக்கொள்வார். ஒரு கூட்டம் ஏறி முடிப்பதற்குள் மைக் பத்துத் தடவை கை மாறிவிடும். அக்கா குனிந்து ஒரு சீனப் பாட்டியின் சக்கர நாற்காலிக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் மைக்கை எடுத்து, செலாத் விங்ஸ் பயணிகள் வரிசையில் வரவும் என்று மலாயில் கணீரென்று அறிவித்தேன்.

சொன்ன மறு நொடியே தெரிந்துவிட்டது. மைக்கை மெதுவாக மேசைமேல் வைத்தேன்.

இக்மல் வேகமாக வந்தார். "இப்போது அறிவிப்புச் செய்தது யார்?" என்று மலாயில் கேட்டார். ஒலிபெருக்கியில் எல்லாப் பெண் குரலும் அவருக்கு ஒன்றுதான்.

அக்கா நிமிர்ந்தார். மைக்கைப் பார்த்தார். "நானாகத்தான் இருக்கும்" என்றார்.

இக்மல் குறித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நன்றியில் எனக்குக் கண்கூடக் கலங்கியது. மூன்று மணிக்கு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்.

"எப்ப சொன்னேன்னே ஞாபகம் வரல குமுதா. நீ பக்கத்துலதான நின்ன? நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுக்கப் போனார்.

திங்கட்கிழமை காலையில் அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் எனக்கு முதல் புள்ளிதான் விழுந்திருக்கும்.