வாங்கு நேரத்துக் கச்சேரி

சென்னையிலிருந்து வந்தவர். கர்நாடக மேடையிலும் சினிமாவிலும் பெயரெடுத்த பாடகர். மட்டக்களப்பு வெக்கையிலும் கழுத்தில் மப்ளர். பாட்டுக்குப் பாட்டு பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடிப்பார்.

ஆரையம்பதிக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி என் பொறுப்பு. அந்தியில் பக்கத்துக் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னதும் வழக்கம்போல மைக்கை நிறுத்தினேன். எங்களூர் மிருதங்கக்காரரும் கையை எடுத்துவிட்டார்.

“எவன்டா நிறுத்தினது?”

“வாங்கு சொல்றாங்க ஐயா. முடியட்டும், மறுகா பாடுங்க.”

“என் கச்சேரிய எவனும் நிறுத்தினதில்ல. மன்னிப்புக் கேட்டாத்தான் பாடுவேன்.”

நான் கேட்கவில்லை. கோயிலை நடத்தும் வண்ணக்கர்தான் சபை நடுவே கைகூப்பினார். அந்தக் கிழவரை ஏறிட்டும் பாராமல் பாடகர் வெந்நீர் குடித்தார்.

பிறகு பாடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாய்க்கு அப்படியொரு குரலைக் கொடுத்த சாமிமேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.