போர்ஷன் முடியாத செமஸ்டர்

கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர்களிடம் "பாடம் புரியுதா பசங்களுக்கு?" என்று யாரும் கேட்பதில்லை, "போர்ஷன் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்பார்கள். "போய்ட்டிருக்கு சார்" என்று சமாளித்துவிட்டு நகர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்காகவும் இதைச் சொல்கிறேன். புதுச்சேரியில் பி.எஸ்சி. முதலாண்டுக்கு நான் கால்குலஸ் எடுத்த ஒரு செமஸ்டரில் நடந்தவை இவை.

மழை லீவு

மொத்தம் ஐந்து யூனிட். தீபாவளிக்குள் மூன்றை முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. காலையில் போனில் லீவு செய்தி வரும். மாணவர்கள் குரூப்பில் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். நான் என் திட்ட நோட்டில் அன்றைய வகுப்பைப் பென்சிலால் அடிப்பேன். மழை விட்டபோது பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. நாங்கள் இரண்டாவது யூனிட்டின் நடுவில் நின்றிருந்தோம்.

துறைத் தலைவர் ஆரோக்கியசாமி சாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நமக்கு மழை பெஞ்சுதும்மா. கொஸ்டின் பேப்பர் எடுக்கிறவருக்கு அது தெரியாது."

ஓட்டம்

அப்புறம் ஓடினேன். மூன்று நாள் பாடத்தை ஒரு மணி நேரத்தில் எழுதினேன். போர்டின் ஒரு பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் மறு பக்கத்தை அழித்தேன். இரட்டைத் தொகையீட்டில், அதாவது டபுள் இன்டெக்ரலில், எந்தப் பக்கமாக முதலில் கூட்டுவது என்ற வரிசையை மாற்றுவது கொஞ்சம் வம்பு பிடித்த பகுதி. அதையும் அப்படியே தாண்டினேன்.

"டவுட் இருக்கா?" என்றேன். யாரும் பேசவில்லை. அந்த அமைதியைப் புரிந்ததாக எடுத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தானே. கிளம்பும்போது வீராம்பட்டினத்திலிருந்து வரும் ஜீவிதா எழுந்து நின்றாள். அதிகம் பேசாத பெண். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. "உங்களுக்கு முடிஞ்சிடுச்சு மேடம். எங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

கடைசி பெஞ்சில் ஒரு அம்மா

அதே பகுதியில் அடுத்த வாரம் வைத்த டெஸ்டில் ஜீவிதாவுக்கு மூன்று மார்க். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. நான்காம் நாள் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். "கணக்கு மண்டையில ஏறலன்னு அழுவுறா டீச்சர். கம்பெனி வேலைக்குப் போறேங்குறா" என்றார்.

"அவ மேல தப்பு இல்லம்மா. நான்தான் ஓடிட்டேன். சனிக்கிழமை அந்தப் பாடத்த மறுபடி மொதல்லேர்ந்து நடத்துறேன், அனுப்புங்க" என்றேன். சனிக்கிழமை கல்லூரி உண்டா என்று அவருக்குச் சந்தேகம். கூடையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, மகளோடு அவரும் வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஒரே ஒரு கணக்குதான் நடத்தினேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒண்ணும் புரியல டீச்சர். எம் பொண்ணு தலைய ஆட்டுனா பாரு, அது போதும்."

பெஞ்சு எண்ணிய பெண்

திங்கட்கிழமை, சனிக்கிழமை வராதவர்களுக்காக அதே கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. நீ வந்து போடு என்பதுபோல ஜீவிதாவைப் பார்த்தேன். தயங்கித் தயங்கி வந்தாள். சாக்பீஸை எடுக்கவே இல்லை. வகுப்பைக் காட்டினாள்.

"நம்மள இப்டி குறுக்கால எண்ணலாம், இப்டி நெடுக்கால எண்ணலாம். ஆளு அதே ஆளுதான். ஆனா அந்த மூலையில பெஞ்சு இல்ல. அதனால எண்ணுற பக்கத்த மாத்துனா, எங்க ஆரம்பிச்சு எங்க நிறுத்துறோங்கிறதும் மாறும். அதான் லிமிட் மாறுது" என்றாள். பிறகு படம் போட்டாள்.

வகுப்பில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது. இருபது வருடத்தில் என் பாடத்துக்கு அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. உழவர்கரை அல்போன்ஸ் மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "மேடம், அடுத்த யூனிட்டையும் இவளே எடுக்கட்டுமா?"

விட்டது

கடைசி வாரம் வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஐந்தாவது யூனிட்டில் பாதிதான் முடியும். மீதியை நான் தொடப்போவதில்லை. தொட்டதைப் பதறாமல் நடத்துகிறேன் என்றேன். சொன்னபடி நடத்தினேன்.

பரீட்சை அன்று வினாத்தாளைப் பிரித்தால், நான் விட்ட பகுதியிலிருந்து பத்து மார்க் கேள்வி. ஹாலுக்கு வெளியே அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றேன். ஜீவிதா நேராக என்னிடம்தான் வந்தாள். அந்தப் பேப்பரில் அவள் ஐம்பத்தெட்டு வாங்கி இரண்டாம் ஆண்டுக்குப் போனதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "அது கீழ 'அல்லது'ன்னு ஒண்ணு இருந்துச்சு மேடம். அத நிதானமா எழுதிட்டு வந்துட்டேன்."

இந்த செமஸ்டரும் போர்ஷன் எனக்கு ஒன்றரை யூனிட் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறது. யாராவது கேட்டால் இப்போதும் "போய்ட்டிருக்கு சார்" என்றுதான் சொல்கிறேன், ஆனால் முன்னைப் போலக் கூசுவதில்லை.