ஏரிக்கு அக்கரையில் நின்றுபோன சத்தம்: சேரப்பணஞ்சேரிக்கு ஒரு டிசம்பர் பயணம்

சேரப்பணஞ்சேரிக்கு நான் முதன்முதலில் போனது 1991 டிசம்பரில். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தங்கை ஸ்டெல்லாவைக் கையோடு கூட்டிவரச் சொல்லி அம்மா அனுப்பினாள்.

ஸ்டெல்லாவை அந்த ஊரில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியம் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். இவள் ஒரகடம் சாலையில், தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் பிரஸ் மிஷினில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்து மிஷினில் வேலை செய்த கௌரி என்ற பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. லோடு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் வந்த ஆரோக்கியம் பல்லாவரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் கிளம்பிவிட்டேன்.

பல்லாவரத்திலிருந்து தாம்பரத்துக்கு ரயில். அங்கிருந்து முடிச்சூர், படப்பை வழியாக வாலாஜாபாத் போகும் பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய் சொச்சம் என்று ஞாபகம். அந்த வருடம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறேன் என்றாலே ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் பக்கத்து சீட்டு அம்மாளும் அப்படித்தான் பார்த்தார். படப்பை தாண்டியதும் அவர் தூங்கிவிட்டார். எனக்கும் கண் சொக்கியது.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருக்கும். சாலையின் இருபுறமும் தண்ணீர். அதன்மேல் பனி படுத்துக் கிடந்தது. பனைமரங்களுக்கு அடிப்பாகமே இல்லாதது மாதிரி, தலைகள் மட்டும் மிதந்துகொண்டு வந்தன. பஸ் ஓடுகிறதா, இல்லை நாங்கள் நிற்க ஊர்தான் எங்களைக் கடந்து போகிறதா என்று தெரியவில்லை. இந்த பஸ் ஒரகடத்தில் நிற்குமா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கண்டக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“நிக்கும். ஆனா அங்க இன்னா கீது, எறங்கறதுக்கு?”

இன்று அந்தக் கூட்டுச் சாலையில் சிக்னலுக்குக் காத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம்.

சேரப்பணஞ்சேரியில் இறங்கியபோது மணி எட்டு. ஸ்டெல்லாவின் வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டக், டக் என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருந்தது. யாரோ துணி துவைக்கிறார்கள் என்று நினைத்தேன். “அதான் எங்க கம்பெனி” என்றாள் ஸ்டெல்லா. எட்டு மிஷின்களும் சேர்ந்து தண்ணீர்மேல் அப்படிக் கேட்குமாம்.

தோசை ஊற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அந்தத் தொழிற்கூடம் முன்பு அரசு நடத்தியது. மிஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியே இல்லை. நஷ்டம் என்று சொல்லி அந்த வருடத் தொடக்கத்தில் அதைத் தனியாருக்கு விட்டுவிட்டார்கள். பழைய ஆட்களை அனுப்பிவிட்டு, காண்டிராக்டில் ஊர்ப் பெண்களை எடுத்தார்கள். அடுத்த வாரமே ஒவ்வொரு மிஷினிலும் ஒரு பட்டனுக்கு மேல் மரக்கட்டையை வைத்து, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். இப்போது ஒரு கை தகரத்தைத் தள்ளும், ஒரு கை பட்டனை அமுக்கும். மூடி இரண்டு மடங்கு விழும். இன்ஸ்பெக்டர் வருகிற தேதி முதலாளிக்கு முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு மட்டும் கட்டைகள் அவிழ்ந்துவிடும்.

“கௌரி கத்தனப்போ அவ மிஷின் மட்டுந்தான் நின்னுச்சு” என்றாள். “மத்த ஏழும் ஓடிக்கினே இருந்துச்சு. லைன நிறுத்தாதீங்கன்னாரு சூப்பர்வைசர். நானும் அடிச்சிக்கினேதான் இருந்தேன்க்கா. பெல் அடிக்கிற வரைக்கும்.”

சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினாள். அது ஏற்கெனவே கருகியிருந்தது.

அம்மா சொன்னதைச் சொன்னேன். துணியை எடுத்து வை, மதியம் பஸ் இருக்கிறது என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கௌரி வீட்டுக்கு அழைத்துப் போனாள். கௌரிக்கு இருபது வயதுகூட இருக்காது. கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, இடது கையால் முறத்தில் அரிசி புடைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வலி கொறஞ்சிடுச்சு. இல்லாத வெரல்தான் அரிக்குது. எங்க சொறியறதுன்னு தெரியல.”

அவள் பெயர் கம்பெனிப் பதிவேட்டிலேயே இல்லையாம். வேலை நேரத்தில் தூங்கியதால் வந்த விபத்து என்று சொல்லிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னாள். அந்தச் சத்தத்தில் யார் தூங்குவார்கள் என்றாள்.

திரும்பி வரும்போது மறுபடியும் கெஞ்சினேன். ஸ்டெல்லா வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

“நான் வந்துட்டா அந்த மிஷின் சும்மாவா இருக்கும்? வேற ஒருத்தி வந்து குந்துவா. கட்டை அப்படியேதான் இருக்கும்.” மறுபடி நடக்க ஆரம்பித்தாள். “நீ சாயங்கால பஸ்ல போலாம்க்கா. வர்றனா இல்லையான்னு அதுக்குள்ள சொல்றேன்.”

இரண்டு மணி ஷிப்டுக்குப் போய்விட்டாள். நான் ஏரிக்கரையில் ஒரு வேலமர நிழலில் உட்கார்ந்தேன். அந்த மதியத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வெயில் தண்ணீரில் கரைந்து பால் நிறமாகிவிட்டது. கொக்குகள் அசையாமல் நின்றன. காற்று ஒரு பக்கம் வீசினால் சத்தம் காதுக்குள் கேட்டது, மறுபக்கம் வீசினால் வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டது. அந்தச் சத்தங்களில் ஒன்று என் தங்கையின் கை. எது என்று பிரித்துப் பார்க்க முயன்று முயன்று, கண்ணைத் திறந்துகொண்டே ஒரு தூக்கத்துக்குள் போய்விட்டேன்.

அப்போது ஒரு மிஷின் நின்றது.

அது எனக்கு உடம்பில்தான் முதலில் தெரிந்தது. எழுந்து நின்றேன். ஒன்று மட்டும் நின்றால் என்ன அர்த்தம் என்று காலையில்தான் ஸ்டெல்லா சொல்லிக் கேட்டிருந்தேன். கரையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தேன். சேறு வழுக்கியது. ஓடும்போதே இன்னொன்று நின்றது. பிறகு இன்னொன்று. சத்தம் மெலிந்துகொண்டே வந்தது, மழை விடுகிற மாதிரி. கடைசியாக ஒன்றே ஒன்று தனியாக அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் நின்றதும் தவளைச் சத்தம் ஏரி முழுக்க எழும்பியது. அவ்வளவு நேரம் அவை கத்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

நான் கேட்டை அடைந்தபோது பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் கைகளைத்தான் தேடினேன். இரண்டும் முழுசாக இருந்தன. ஒன்றில் டியூப் தொங்கும் மரக்கட்டை. எல்லார் கையிலும் ஆளுக்கொன்று இருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டைகளை முன்னால் வைத்தார்கள். சூப்பர்வைசர் ஒல்லியான மனுஷர், பயந்துபோயிருந்தார். முதலாளி வந்தால் தான் என்ன சொல்வது என்று கெஞ்சினார்.

“ரெண்டு கையாலதான் அடிப்போம்னு சொல்லுங்க சார்” என்றாள் ஸ்டெல்லா. “வேலைய வாணாம்னு சொல்லல.”

யாரோ சொல்லி, கௌரியும் வந்து அவர்களோடு உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு முதலாளி காரில் வந்தார். கத்தினார், எல்லாரையும் மாற்றிவிடுவேன் என்றார். அன்று மாலை போக வேண்டிய லோடு பாதியில் நின்றது. லாரிக்காரர் வேறு ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் முதலாளி, எப்படியோ அடித்துத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளிச்சம் இருக்கும்போதே மிஷின்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்தன, முன்பைவிட மெதுவாக. கேட்டுக்கு வெளியே நின்று கேட்டேன். ஸ்டெல்லாவைக் கூப்பிடாமல் பஸ் ஏறினேன். வீட்டில் அம்மா எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். பொங்கலுக்குப் பிறகு ஸ்டெல்லாவையும் இன்னும் இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புது ஆட்கள் வந்த மிஷின்களில் கட்டை திரும்பி வந்தது. மற்றவற்றில் பெண்கள் விடவில்லை. கௌரியைப் பேக்கிங்கில் சேர்த்துக்கொண்டார்கள். விரல்களுக்கென்று எதுவும் கொடுக்கவில்லை. ஸ்டெல்லா சில வருடம் கழித்து இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனிக்குப் போய், பத்து விரலோடு ரிடையர் ஆனாள். அவள் வேலை போனதற்கு வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. பெல் அடிக்கிற வரைக்கும் அடித்தேனே என்பதைத்தான் இன்றும் சொல்வாள்.

இப்போது போகிறவர்களுக்கு: தாம்பரத்திலிருந்து பஸ்கள் நிறைய உண்டு, சேரப்பணஞ்சேரிக்கு முக்கால் மணி நேரம். ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துக்கொள்ளும், அதனால் ஞாயிறு காலை நல்லது. மழைக்குப் பிறகு டிசம்பரில் போனால் ஏரி நிறைந்திருக்கும். தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் கடை கிடையாது.

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ வேலைக்குச் சேர்ந்த மகனையோ மகளையோ பார்க்கத்தான் பாதிப் பேர் இந்தப் பக்கம் போகிறீர்கள். ரூம் வசதியா, சாப்பாடு எப்படி என்று கேட்பீர்கள், கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: பக்கத்தில் ஒருவருக்கு அடிபட்டால், உன் மிஷினை நிறுத்த உன்னை விடுவார்களா?